மில்லுக்கு ஊதிய சங்கு

ஐம்பதுகளில் பங்குகளின் விலை விழுந்துகொண்டே போன ஒரு வருஷம், அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியை விற்று, விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்த நூற்பு மில்லின் பங்குகளை வாங்கினாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மில்லின் ஆண்டறிக்கையை, நோயாளியின் ஜுர அட்டையைப் படிப்பதுபோல் வரி விடாமல் படித்திருந்தாள். கடன் இல்லை, கட்டடம் சொந்தம், கிட்டங்கி நிறையப் பஞ்சு. அப்படிப்பட்ட மில்லை அதன் மதிப்பில் பாதிக்குத் தருகிறார்கள் என்பது அவள் கட்சி. அவள் வாங்கிய பிறகும் விலை இறங்கியது.

சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்த பெரியப்பா, தன் பங்குகளை எல்லாம் விற்றுவிட்டு எங்களையும் கரையேற்ற வந்தார். அண்ணன் எதிரில் அப்பா உட்காரக்கூட மாட்டார். தீபாவளிக்குள் விற்று, மிஞ்சியதில் ஒற்றைவடமாவது செய்துகொள்ளச் சொன்னார் பெரியப்பா.

"அந்த மில்லுக்குச் சங்கு ஊதியாச்சும்மா."

"ஆமா, அத்தான். ஒரு நாளைக்கு மூணு தடவ ஊதுதாக," என்றாள் அம்மா. "ஊதுறது நிக்கட்டும், விக்கேன்."

அப்பா சிரிப்பை இருமலாக மாற்றினார். பெரியப்பா காபியைத் தொடாமல் கிளம்பினார்.

மூன்று சங்கும் ஊதினால் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. இரவுச் சங்கு, ராத்திரி டூட்டியில் இருக்கும் அம்மாவின் பொறுப்பு. காலையும் பிற்பகலும் என்னுடையவை. நோட்டில் தேதி எழுதி, சங்கு கேட்டால் ஒரு டிக் போட வேண்டும். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சங்கு ஊதவில்லை. புதனும் இல்லை, வியாழனும் இல்லை. சங்கிலி போனதுகூடப் பெரிதில்லை, பெரியப்பா ஜெயித்துவிடுவாரே. நான் டிக் போட்டேன். வெள்ளிக்கும் போட்டேன்.

சனிக்கிழமை அம்மா என்னை மில் வாசலுக்கு நடத்திக் கூட்டிப்போனாள்.

"சங்குக் குழாய் வெடிச்சுக் கெடக்கு, நர்சம்மா," என்றார் வாட்ச்மேன். "மில்லு எங்கன நிக்கி? காது குடுத்துக் கேளுங்க."

உள்ளே இரைச்சல் கேட்டது. தண்டவாளத் துண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டு மணியாக அடித்தார்கள். வெளியே பஞ்சு லோடு ஏற்றிய லாரிகள் காத்து நின்றன. ஷிப்டு மாறி ஆட்கள் வெளியே வரும்வரை அம்மா நகரவில்லை. திங்கட்கிழமை தன் வளையல்களையும் விற்று, இன்னும் பங்கு வாங்கினாள்.

அன்று நோட்டைத் திறந்தபோது, அந்த நான்கு நாள் டிக்குகளுக்கும் பக்கத்தில் அம்மாவின் நீலப் பென்சிலால் பூஜ்யங்கள். பங்கின் விலை பூஜ்யமாகிவிட்டது என்று நினைத்து யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

விலை ஏற மூன்று வருஷம் ஆயிற்று. அந்தப் பணத்தில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன். ஓய்வுபெறும்வரை ஒரு ஆலையில் அழுத்தமானிகளைச் சோதிப்பது என் வேலையாக இருந்தது. எப்போதும் நல்ல சேதியே சொல்லும் முள்ளை நான் நம்புவதில்லை.

அந்தப் பூஜ்யங்கள் மில்லுக்குப் போட்டவை அல்ல. இரவுச் சங்கும் ஊதவில்லை என்பது வார்டில் விழித்திருந்தவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.