கூமியூவில் திராட்சை வெட்டிய இரண்டு நாள்

சனிக்கிழமை விடிகாலை ஆக்லாந்து நகர மையத்தில் பேருந்து ஏறினேன். மாசி என்ற புறநகருக்கு டிக்கெட் மூன்று டாலர். தொண்ணூற்றேழு மார்ச் மாதம். நான் படிக்க வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வைன் தோட்டத்துக்குப் போகிறேன் என்றதும் அறைத்தோழிகள் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் இரவல் தந்து அனுப்பினார்கள். நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல, குலை வெட்ட. அதை அவர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மாசி நிறுத்தத்தில் அருளப்பன் அண்ணன் காரோடு காத்திருந்தார். மன்னார்க்காரர். மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. நான் வந்திறங்கிய அன்று திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றவளிடம், "எங்க பிள்ளை போகோணும்?" என்று தமிழில் கேட்டு, அறை வாசல் வரை கொண்டுவந்து விட்ட புண்ணியவான். முன் இருக்கையில் அவர் மனைவி பிலோமினா அக்கா, மடியில் சோற்றுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்கட வீட்டிலயும் முந்திரிகைத் தோட்டம் இருக்குதாம், இவர் சொன்னவர்," என்றார் அக்கா. அவர்கள் பக்கம் திராட்சைக்கு அதுதான் பேர்.

"ஆமாக்கா, கம்பத்துல. எங்கப்பா பன்னீர் திராட்சை போட்டிருக்காரு."

"அப்ப நீ பக்கத்தில நிண்டா எனக்குத் தைரியம்."

தைரியம் ஏன் வேண்டியிருந்தது என்பதை வழியில் சொன்னார். அறுவடை முடிந்ததும் தோட்டக்காரர் ஒரே ஒருவரை நிரந்தர வேலைக்கு வைத்துக்கொள்வார். அந்த இடம் அக்காவுக்கு வேண்டும். அவருடைய அம்மா கொழும்பில் ஒரு லாட்ஜில் விசாவுக்குக் காத்துக் கிடக்கிறார். மகளுக்கும் மருமகனுக்கும் நிரந்தர வேலை இருந்தால் மனுவுக்கு வலு என்று வக்கீல் சொல்லியிருந்தாராம். "இந்த ரெண்டு நாளும் அந்தாள் எங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கும்," என்றார் அக்கா.

கூமியூ மாசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கடைகள் ஓய்ந்ததும் இருபுறமும் கொடிகள் தொடங்கிவிடுகின்றன. எங்கள் ஊரில் பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து வெட்டுவோம், கழுத்து போய்விடும். இங்கே கம்பி கட்டி வேலி மாதிரி வரிசை வரிசையாக ஓடவிட்டிருக்கிறார்கள். பழம் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது, முதுகு போய்விடும். பறவைக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள்.

தோட்டக்காரர் பெயர் இவான். தாத்தா காலத்தில் டால்மேஷியாவிலிருந்து, மண்ணில் புதைந்து கிடந்த மரப்பிசினைத் தோண்டி விற்க வந்த குடும்பம். ஆளுக்கொரு கத்தரியும் பெட்டிகளும் தந்து, "வெட்டுங்கள்," என்றார். அவ்வளவுதான் பாடம். ஒரே வரிசையில் கொடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா.

எனக்கா திராட்சை வெட்டத் தெரியாது? வாய் சும்மா இருக்குமா? "அக்கா, குலையைப் பிடிக்காதீங்க, காம்பைப் பிடிங்க. மேல இருக்கிற வெள்ளைப் பூச்சு அழிஞ்சா வியாபாரி விலையைக் குறைச்சிடுவான். அழுகினதைக் கிள்ளிப் போடுங்க. ஒரே அடுக்காத்தான் வைக்கணும்." அக்கா நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தார். எங்கள் பெட்டிகளைப் பார்த்தால் சாமிக்குப் படைக்க வைத்தது போல இருந்தது.

மத்தியானம் இவான் டிராக்டரில் வந்தார். அடுத்த வரிசைக்காரர்கள் பெட்டிகளைக் குவித்திருந்தார்கள். எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. நசுக்கத்தான் போகிறோம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டு போனார். அக்கா முகம் செத்துப்போனது.

சாப்பாட்டு நேரத்தில் ஆலையைப் போய்ப் பார்த்தேன். பெட்டி பெட்டியாக, இலையும் பூச்சியுமாக, கழுவக்கூட இல்லாமல் அப்படியே இயந்திரத்தில் கொட்டினார்கள். அடப் பாவிகளா, இதற்கா காலையெல்லாம் பூச்சு அழியாமல் வெட்டினேன்! வாயால் கெடும் தவளை என்பார்கள். இங்கே கெட்டது அக்காவின் வேலை. இவான் ஆளுக்கொரு கோப்பை வைன் ஊற்றினார். நான் தலையாட்டி மறுத்ததும், அப்போதுதான் பிழிந்த சாற்றைக் கொண்டுவந்து தந்தார். தொண்டை கூசும் இனிப்பு.

அன்று மாசியில் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். "என்னாலதானக்கா," என்று தொடங்கினேன். "விசர்க் கதை கதையாத. சாப்பிடு," என்று மீன் குழம்பை ஊற்றினார். அதற்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குறை சொல்ல ஒரு நாள் முழுக்க இருந்தும் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போய் வந்த பிறகுதான் வேலை. அக்கா சேலைத் தலைப்பைச் செருகினார், குனிந்தார். பிறகு நிமிரவே இல்லை. பூச்சாவது ஒன்றாவது. இடது கை பிடிக்க, வலது கை வெட்ட, குலைகள் தொப்புத் தொப்பென்று விழுந்தன. நானும் விரலை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மாலையில் எங்கள் பெட்டிகள் மற்றவர்களுக்குக் குறையவில்லை.

வேலை முடிந்ததும் இவான் அக்காவிடம் வந்தார். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "அறுவடைக்கு வேகம் வேணும். அது இன்னைக்கு உங்ககிட்ட இருந்துச்சு. குளிர்காலத்துல கொடியைக் கவாத்துப் பண்ணணும். ஒரு வெட்டுத் தப்பினா அடுத்த வருஷப் பழம் போச்சு. அதுக்கு நேத்து வெட்டின கை வேணும்னு சொல்றாருக்கா. எப்ப வர்றீங்கன்னு கேக்குறாரு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "மண்டே," என்று அவரே நேராகச் சொன்னார்.

காரில் ஏறியதும்தான் அழுதார். நானும் அழுதேன், எனக்கு எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அருளப்பன் அண்ணன் ஒரு பெட்டிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, டெலிபோன் கார்டு வாங்கிவந்து கொடுத்தார். கடையோரத் தொலைபேசிக் கூண்டில் கொழும்பு லாட்ஜுக்கு அடித்தோம். யாரோ போய் அம்மாவைக் கூப்பிட்டுவர, கார்டில் பாதி கரைந்துவிட்டது. அக்கா வேலை கிடைத்ததை அழுதபடி சொல்லிவிட்டு, "என்னோட நிண்டு வெட்டின பிள்ளையோட கதையுங்கோ அம்மா," என்று ரிசீவரை என் கையில் கொடுத்தார்.

வந்த ஊரில் எனக்கென்று யாரும் இல்லை என்று சனிக்கிழமை வரை நினைத்திருந்தேன். முகம் தெரியாத அந்த அம்மா நலம்கூட விசாரிக்கவில்லை. நாளைக்கே கிளம்புகிறவர் போல அவசரமாகக் கேட்டார்.

"பிள்ளை, அங்க கருவாடு கொண்டுவர விடுவினமோ? மகளுக்கு அது விருப்பம். உனக்கும் சேத்துக் கட்டட்டோ?"

மங்கரே விமான நிலையச் சோதனையில் அதைப் பொட்டலத்தோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு வெளியே நின்ற அண்ணனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"கட்டுங்கம்மா," என்றேன். "நெறையாவே கட்டுங்க."