கெட்டி ஆயில் ஊற்றி அடக்கிய சத்தம்

காதில் பூச்சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது. நடந்தது என் பக்கத்து வீட்டு லாரிக்காரருக்கு. பேய் என்று பேச்செடுத்தாலே, "அதுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டுச் சிரிக்கிற மனிதர் அவர். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ராத்திரியில் நடந்த கதையும் அல்ல இது. பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானங்களில் நடந்தது.

லாரி அவருடையது. ஓட்டியது அவருடைய தம்பி. ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணன் வீடும் தம்பி வீடும் எதிரெதிரே இருந்தன. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை.

ஒருநாள் தம்பி வந்து, "அண்ணா, டாப்பெட் அடிக்குது. பிரிச்சுப் பாத்துடலாம்" என்றான். டாப்பெட் என்பது விரல் நீள இரும்புத் துண்டு. என்ஜினுக்குள் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு சுற்றும்போது அதன்மேல் ஏறி இறங்கி வால்வைத் திறப்பது அதுதான். தேய்ந்துபோனால் டக் டக் என்று தட்டும். கவனிக்காமல் விட்டால் கேம் ஷாஃப்டையும் சேர்த்துத் தின்றுவிடும். லாரிக்காரருக்கு இது தெரியாததல்ல. ஆனால் பிரித்தால் வண்டி பல நாள் படுத்துவிடும், பேசி வைத்த லோடு கைமாறிவிடும். அதனால் தம்பி தூங்கும்போது என்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டார். ஊற்றினால் சத்தம் அடங்கும். கோளாறு அப்படியே இருக்கும்.

காலையில் தம்பி ஸ்டார்ட் செய்தான். சத்தமே இல்லை. "என்னண்ணா பண்ணீங்க?" என்று கேட்டான். "அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்டா. கிளம்பு" என்றார்.

பாதி வழியில் என்ஜின் இறுகிப்போய் நின்றுவிட்டது. தம்பி இறங்கி, முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வேகமாக வந்த ஒரு வண்டி லாரியை இடித்து அவன்மேல் தள்ளியது. அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் வண்டி ஏன் நின்றது என்றுதான் கேட்டார்கள். லாரிக்காரர் வாய் கூசாமல் சொன்னார்: "ஆயில் பாக்காமலே ஓட்டிட்டான். எத்தனை தடவ சொல்லிருப்பேன்!" அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவியது. தம்பி பெண்டாட்டியின் காதுபடவே, "அலட்சியம் புடிச்சவன், தானா போய் மாட்டிக்கிட்டான்" என்றார்கள். அவள் தலை குனிந்துகொண்டு கேட்டாள். இவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பழி இறங்கியிருக்கும். சொல்லவில்லை.

இரண்டு வீட்டுக்கும் அந்த லாரிதான் பிழைப்பு. என்ஜினைச் சரிசெய்தே ஆக வேண்டும். பட்டறையில் விட்டால், பிரிக்கிறவன் தேய்ந்த டாப்பெட்டைப் பார்த்த உடனே, "இது ரொம்ப நாளா கத்தியிருக்குமே, காது கேக்கலையா?" என்று கேட்டுவிடுவான். அதனால் செயின் புல்லி போட்டு என்ஜினை இறக்கி, கொட்டகையில் கட்டைமேல் உட்காரவைத்து, தானே பிரிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். எதிர்வீட்டில் தம்பி பெண்டாட்டி தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருப்பாள். கேட்க ஆளில்லை.

டாப்பெட்டுகளை எடுத்த வரிசையிலேயே வைக்க வேண்டும் என்பதால், முட்டை அட்டையின் குழிகளில் ஒவ்வொன்றாகச் செருகினார். ஐந்தாவதைக் கையில் எடுத்ததும் முகம் சுருங்கியது. அடிப்பாகம் சொத்தைப் பல்லைப் போலக் குழிந்திருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், தெருக்கோடிச் சாக்கடையில் வீசிவிட்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் கொட்டகைக்குள் நுழைந்தால்... ஐந்தாவது குழி காலியாக இல்லை.

அதே டாப்பெட். துடைத்துச் சுத்தமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோதுதான் சாக்கடை நாற்றம் தெரிந்தது. எந்தப் பிள்ளையாவது பொறுக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இந்தத் தடவை பஸ் ஏறிப் போய், பாலத்தின் மேலிருந்து ஆற்றில் எறிந்தார். தண்ணீரில் அது விழுந்து மறைவதைக் கண்ணால் பார்த்தார்.

அடுத்த நாள் அட்டை நனைந்து ஊறிப்போயிருந்தது. ஐந்தாவது குழியைச் சுற்றி மட்டும். குழிக்குள் அதே டாப்பெட்.

அன்றுதான் சத்தமும் கேட்டது.

டக்... டக்... டக்...

தையல் மெஷினாக இருக்கும் என்று எதிர்வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தார். மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. அவள் சும்மா உட்கார்ந்து, எதையோ கேட்டுக்கொண்டிருப்பவள் போலத் தலையைச் சாய்த்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்ஜின்ல என்ன கோளாறு மாமா?"

"அதான்மா... ஆயில் இல்லாம ஓடினது."

டக்.

இவர் முதுகுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில். சட்டென்று திரும்பிப் பார்த்தார்; யாரும் இல்லை. அவளோ கண்ணிமைக்கவில்லை. "சரி மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த டாப்பெட்டை அவர் மறுபடி தொடவில்லை. புது கேம் ஷாஃப்ட், புது டாப்பெட்டுகள், புது பேரிங் எல்லாம் வாங்கிப் போட்டார். சோறு தண்ணி மறந்து வேலை பார்த்தார். இந்த என்ஜினை ஒழுங்காக ஓடவைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

முடித்தது ஒரு மத்தியானம். மணி மூன்று இருக்கும். என்ஜினை லாரியில் ஏற்றி, பூட்டி, சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டது. சீரான ஓட்டம். ஒரு தட்டல் இல்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சாவியைத் திருப்பி உருவினார். என்ஜின் நின்றது.

டக்...

டக்...

சாவி அவர் கையில் இருந்தது.

இறங்கி ஓடிப்போய் வால்வு மூடியைக் கழற்றினார். உள்ளே எதுவும் அசையவில்லை.

டக்... டக்...

சத்தம் என்ஜினில் இல்லை. கீழே... தரையில்... அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுப் பக்கமாக.

அவள் வீட்டை நோக்கி.

கதவருகே போய் நின்றது. பிறகு கதவில்...

டக். டக். டக்.

கதவு திறந்தது.

அவள் நின்றிருந்தாள். தலை வாரி, முகம் கழுவி, நல்ல புடவை கட்டியிருந்தாள். யாரையோ எதிர்பார்த்துத் திறந்தவளின் முகம் அது. இவரைக் கண்டதும் அந்த முகம் வாடிப்போனது.

லாரிக்காரர் கொட்டகை வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான்மா. அவன் பிரிச்சுப் பாக்கலாம்னு சொன்னான். நான்தான் கெட்டி ஆயிலை ஊத்தி சத்தத்தை அடக்கிட்டேன். அவன்கிட்டயும் பொய் சொன்னேன். செத்தப்புறம் அவன்மேலயே பழியைப் போட்டேன். நான்தான்..."

சத்தம் நின்றுவிட்டது. காம்பவுண்டு முழுக்க அப்படி ஓர் அமைதி. அழுதுகொண்டே நிமிர்ந்தார். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார்.

"தெரியும் மாமா" என்றாள்.

"தெரியுமா? அன்னைக்குக் கிளம்பும்போது ஏதாவது சொன்னானா?"

"அன்னைக்கு அவருக்கே தெரியாதே. எப்படிச் சொல்வாரு?"

"அப்ப... யாரும்மா சொன்னது?"

"அவருதான். நீங்க என்ஜினைப் பிரிச்ச நாள்லேர்ந்து தெனமும் மத்தியானம் வராரு. கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போவாரு."

அவள் காலியாகக் கிடந்த வாசலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினாள். புருஷன் செத்தபோதுகூட அடக்கிக்கொண்டவள், அப்போதுதான் உடைந்து அழுதாள்.

"அண்ணன் உண்மையைச் சொல்ற வரைக்கும்தான் வர முடியும்னு சொல்லியிருந்தாரு" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் சொல்லாம இருந்திருக்கக் கூடாதா மாமா?"