முடித்துக் கொடுத்த ஏழு வருடம்

அந்தச் சான்றிதழை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. கோபத்தில் வாங்கினேன். கோபம் வந்தால் சிலர் தட்டை எறிவார்கள், சிலர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். நான் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் எனக்குப் பதினான்கு வருடமாக வேலை. வருகைப் பதிவு, லீவு, பி.எஃப். எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஒரு நாள் மத்தியானம் எங்கள் கேன்டீனுக்கு ஒருவன் வந்தான். சித்திரை வெயிலில் கோட்டு, கழுத்தில் டை. 'ஓய்வுக்காலத் திட்டம்' என்று சொல்லி, சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். தாளை வாங்கிப் பார்த்தேன். இருபது வருடம் கட்ட வேண்டிய சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி.

"நடுவுல வேலை போயி கட்ட முடியலைன்னா என்ன தருவீங்க?" என்று கேட்டேன்.

"மேடம், இதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது. ரிட்டயர்மென்ட் அட்வைஸ் சொல்றதுக்குன்னு தனியா சர்டிபிகேட் இருக்கு. உங்ககிட்ட இருக்கா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அவனிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க அப்போது தோன்றவில்லை பாருங்கள், அதை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவனிடம் ஒரு மண்ணும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் உட்கார்ந்து, ஓய்வூதிய ஆலோசகர் தேர்வுக்குப் பெயர் பதிந்தேன். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அதை போனில் ஏற்றி, காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் நின்றபடி படித்தேன். ஒரு வாக்கியத்தை மூன்று தடவை படித்தால் பாதி புரியும். மீதிப் பாதிக்கு அடுத்த நாள் பஸ். வீட்டுக்காரர் வேறு, "எம்புட்டு நேரந்தான் படிப்ப? கலெக்டராவா ஆகப் போற?" என்று குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தபடி கேட்பார். "ஆனேன்னா உங்களத்தான் மொதல்ல மாத்தல்ல போடுவேன்" என்பேன். முதல் தடவை மதுரையில் எழுதிய பரீட்சை போய்விட்டது. திரும்பவும் பணம் கட்டினேன்.

இந்த இடத்தில் எங்கள் மில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மில்லிலிருந்து இன்னொரு மில்லுக்கு வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே, "பழைய பி.எஃப். கணக்க முடிச்சிட்டு வாங்க" என்போம். பழைய கணக்கைப் புதிய மில்லுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் பழைய மில்லில் பெயரும் பிறந்த தேதியும் தப்புத் தப்பாக இருக்கும், அதைத் திருத்த அலைய வேண்டும், யாருக்குப் பொறுமை? பணத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பி.எஃப். பணத்துக்கு ஒரு படிவம், அதோடு சேர்ந்து வரும் பென்ஷன் பகுதிக்கு ஒரு படிவம். ஆனால் இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்ததாகக் காட்டினால்தான் முழுப் பணமும் வரும். அதனால் அந்த இரண்டு மாதமும் எங்கள் மில்லில் வேலை பார்ப்பார்கள், பதிவேட்டில் பெயர் இருக்காது. 'டிரெய்னிங்' என்று அதற்குப் பெயர். ஏழு வருடம் வைண்டிங் மெஷின் ஓட்டிய பொம்பளைக்கு என்ன டிரெய்னிங் வேண்டிக்கிடக்கிறது?

ஏழு வருடம் என்று சும்மா சொல்லவில்லை. வத்திராயிருப்பிலிருந்து வரும் ஒரு அக்காவுக்கு அப்படித்தான் முடித்துக் கொடுத்தேன். அவர் எங்கள் மில்லுக்கு வந்த புதிது. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, போனில் வந்த ஆறு நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தட்டினேன். பென்ஷன் பகுதிக்கு இன்னொரு ஆறு நம்பர். அவ்வளவுதான், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பணம் வந்ததும் அரைக் கிலோ பால்கோவா கொண்டுவந்து வைத்தார். அதுவும் வழக்கம்தான். கணக்கு முடிந்தால் டைம் ஆபீஸுக்குப் பால்கோவா. "நீ நல்லா இருக்கணும் தாயி. அந்தக் காசுலதான் வீட்டுக்கு கக்கூஸ் கட்டப் போறேன்" என்றார். மில்லில் எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். அவர் மட்டும்தான் தாயி என்பார்.

இரண்டாம் தடவைக்குப் படிக்கும்போதுதான் அந்தப் பக்கம் வந்தது. மொத்தம் பத்து வருடம் பென்ஷன் கணக்கில் இருந்தால், ஐம்பத்தெட்டு வயதிலிருந்து சாகிறவரை மாதாமாதம் பென்ஷன். ஒரே மில்லில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, எத்தனை மில் மாறினாலும் வருடங்கள் கூடிக்கொண்டே வரும். பென்ஷன் பகுதியை எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருடங்கள் அழிந்துபோகும். எடுக்காமல், இத்தனை வருடம் வேலை பார்த்தாயிற்று என்று ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பஸ் கம்பியைப் பிடித்திருந்த கை நழுவி முன்னால் நின்றவர் மேல் விழுந்தேன். "பாத்து நில்லும்மா" என்றார் அவர். என்னத்தைப் பார்த்து நிற்பது! பதினான்கு வருடமாக நான் தின்ற பால்கோவா எல்லாம் நெஞ்சில் வந்து நின்றது. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒருத்தியின் வருடங்களை அழித்திருக்கிறேன். அதையும் சிரித்துக்கொண்டே, ஓடிபி கேட்டு அழித்திருக்கிறேன்.

மில்லுக்குப் போனதும் நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் படிக்கக்கூட இல்லை.

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா சார்?"

"ரூல் தெரியாமயா இருபது வருசமா மேனேஜரா இருக்கேன்? பென்ஷன் வயசு வரைக்கும் இவளுக எங்க இருக்கப் போறாளுக? கையில காசப் பாத்தா சந்தோசமாப் போறாளுக. நமக்கும் ரெண்டு மாசம் பி.எஃப். கட்டுறது மிச்சம். நீ போயி வேலையப் பாரு."

எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் கையால் செய்ய வைத்திருக்கிறார். அந்த மனிதரின் மேஜையை அப்படியே கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. கவிழ்க்கவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த 'சரி சார்' இருக்கிறதே, அதற்காக என்னையே நான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் தடவை பாஸாகிவிட்டேன். சான்றிதழை பிரிண்ட் எடுத்து டைம் ஆபீஸ் சுவரில், மேனேஜர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து ஒட்டினேன். மறுநாளிலிருந்து கேன்டீனில் சாப்பிடுகிற நேரத்தில், "பத்து வருசம் சேருங்க, யாரு சொன்னாலும் பென்ஷன் பகுதிய எடுக்காதீங்க" என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னேன். மேனேஜர் கூப்பிட்டு, "இனிமே ஒழுங்கா வேலையப் பாப்பியா, இல்ல கேன்டீன்ல பிரசங்கம் பண்ணுவியா?" என்றார். "ரெண்டும் பாப்பேன் சார். ஆனா இனி எவளுக்கும் என் கையால முடிச்சுக் குடுக்க மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பெரிய வீரம் செய்துவிட்டதாக இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த வத்திராயிருப்பு அக்கா வந்தார். மெஷினுக்கு முன்னால் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வேலையை விட்டு நிற்கப் போகிறார். கையில் பால்கோவா டப்பா.

"பென்சன் பரீட்சையில பாஸாயிட்டியாமே தாயி, கேள்விப்பட்டேன். அதுக்குத்தான் இது." டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தார். "செத்த நேரம் உக்காந்து எனக்கு ஒரு கணக்குப் பாத்துச் சொல்லு. அங்க ஏழு வருசம், இங்க அஞ்சு வருசம். பன்னெண்டாச்சுல்ல? பத்து இருந்தாப் போதும்னு நீதான சொன்ன. அம்பத்தெட்டு வயசுல எனக்கு எம்புட்டு வரும்?"

நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழியைப் பழைய மில்லின் மேல் போட்டிருக்கலாம். மேனேஜர் மேல் போட்டிருக்கலாம். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்.

"அஞ்சுதான்க்கா இருக்கு" என்றேன். "அந்த ஏழு வருசம் இல்ல. நீங்க இங்க சேந்தப்ப பென்ஷன் பகுதியையும் எடுத்தோம்ல, அதோட போச்சு. எடுக்காம வச்சிருக்கலாம். நான்தான் எடுக்க எழுதுனேன். எனக்கு அன்னைக்குத் தெரியாது."

"திரும்பக் கட்டிற முடியாதா?"

"முடியாதுக்கா."

அவர் திட்டவில்லை. என் தலைக்கு மேலே ஒட்டியிருந்த சான்றிதழைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த அஞ்சு?"

"எடுக்காம சான்று வாங்கி வைங்க. உக்காந்து பாக்குற வேலை எங்கயாச்சும் கிடைச்சு, பி.எஃப். பிடிச்சாங்கன்னா, இன்னும் அஞ்சு வருசத்துல பத்து வந்துரும்."

"இன்னும் அஞ்சு வருசமா" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு டப்பாவின் மூடியை எடுத்து, நாலு மூலையிலும் அழுத்தி மூடினார். பையில் வைத்துக்கொண்டு, மேஜையைப் பிடித்து எழுந்தார். தாங்கிப் பிடிக்க நான் நீட்டிய கையை அவர் தொடவில்லை.

வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"இதையாவது முடிச்சிராதீங்க, மேடம்."