குணமணி டீச்சரின் மாடி வகுப்பு

பதுளை பஸாருக்குப் பின்னால் இருக்கிற எங்கள் குறுக்குத் தெருவில் அமைதி என்று ஒரு சாமான் கிடையாது. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடங்கள். கீழே கடை, மேலே பலகைத் தளம் போட்ட வீடு. எதிர்க்கடையில் மாரிசாமி போர்ட் எழுதுவார், கூடவே பாட்டும் பாடுவார். பக்கத்துக் கடையில் ஹார்மோனியம் பழுது பார்க்கிறவர் ஒரே கட்டையை நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருப்பார். என் புருஷன் புஹாரி பெரஹரா ஊர்வலத்தில் ஆடுகிறவர்களுக்கு உடுப்புத் தைக்கிறவர். அவருடைய மெஷினும் ஓயாது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் உயிரை எடுத்தது எங்கள் மேல்மாடிதான். அங்கே வாடகைக்கு இருந்த குணமணி டீச்சர் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தார்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த புருஷனோடு இங்கே வந்தவர். அந்த மனுஷன் மாரடைப்பில் போனபிறகு சொந்தக்காரர் ஊருக்குக் கூப்பிட்டார்கள். "என்ர பிள்ளையள் இஞ்ச இருக்கினம்" என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். பெற்ற பிள்ளை ஒன்றும் இல்லை. அவர் சொன்னது மாடிக்கு ஆட வந்தவர்களை. டவுன் பிள்ளைகள், இரண்டு சிங்களச் சிறுமிகள், சனிக்கிழமையில் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற யசோதினி.

அவர்கள் மிதித்தால் என் தலைக்கு மேலே பலகை அதிரும். தூசி கொட்டி வெள்ளைச் சாட்டின் துணியெல்லாம் அழுக்காகும். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. படிக்கட்டடியில் நின்று, "டீச்சர், நிப்பாட்டுறீங்களா, நான் போலீசுக்குப் போகட்டா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவேன்.

"போங்கோ ஜெனீரா, எனக்கும் சேர்த்து ஒரு என்ட்ரி போட்டிட்டு வாங்கோ!" என்று மேலிருந்து சிரிப்பு வரும்.

கொழும்பில் குண்டு வெடித்த 1996ஆம் வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. டவுனில் அடிக்கடி போலீஸ் சுற்றிவளைப்பு. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்தால் போதும், ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர் எப்போது வருவார் என்று கேட்க நாதியில்லை. டீச்சரின் அட்டையில் அது இருந்தது. வாயைத் திறந்தால் பேச்சும் காட்டிக்கொடுத்துவிடும் என்று, சந்தையில் மரக்கறி விலை கேட்கக்கூட என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடக்கும்போதே எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது. மாடியில் ஆயுதப் பயிற்சி நடக்கிறதாம். எல்லாரும் ஒன்றாகக் காலை அடிக்கிறார்களாம், ஒரு பொம்பிளை கட்டளை போடுகிறாளாம், கையில் தடியும் இருக்கிறதாம். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். போலீசுக்குப் போவேன் என்று நான் கத்தியதைக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லையே.

புஹாரி கண்ணைக் காட்டித் தடுத்தார். நான் கேட்கவில்லை, போலீஸ்காரர்களுக்குப் பின்னாலேயே ஏறிப்போனேன்.

பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தட்டுக்கழியை எடுத்துப் பார்த்தான். எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். "தாளம் போட, சேர்" என்றார் டீச்சர். அவருடைய சிங்களத்திலும் யாழ்ப்பாணம்தான் கேட்டது. அட்டையை வாங்கிப் படித்தவன் என் பக்கம் திரும்பினான்.

"கீழே இருக்கிற உனக்கு என்ன கேட்கும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். இவள்தான் சொல்லிவிட்டாள் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"டான்ஸ்தான் சேர். தூசி கொட்டுதுன்னு வருஷக்கணக்கா இவங்களோட சண்டை பிடிக்கிறேன். வேற ஒண்ணும் இல்ல."

"அப்படியென்றால் ஆடச் சொல்லு" என்று யசோதினியைக் காட்டினான்.

டீச்சர் கழியைத் தட்டிச் சொற்கட்டுச் சொன்னார். யசோதினி முழங்காலை மடித்தாள். அதற்குமேல் கால் கிளம்பவில்லை. இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம், "இந்த டீச்சரம்மாவை ஜீப்பில் ஏற்று" என்றான்.

டீச்சர் கழியைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். ஐம்பதைத் தாண்டிய மனுஷி, வீங்கிய முழங்கால். புருஷன் போனபிறகு ஒருவர் முன்னாலும் ஆடாமல், உட்கார்ந்தபடியேதான் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குத் துப்பாக்கிகளுக்கு நடுவில் அரைமண்டி இருந்து மிதித்தார். சொற்கட்டையும் தானே சொன்னார், மூச்சு வாங்க வாங்க. பிள்ளைகள் அழுதார்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆளின் மூஞ்சியைக் கிழிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. எதுவும் செய்யாமல் நின்றேன்.

முடிந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "நல்லா இருக்கு. வகுப்பு நடத்துங்க. ஆனால் இந்தச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது. இன்னொரு தடவை யாராவது வந்து சொன்னால் விசாரிக்க மாட்டேன், ஏற்றிவிடுவேன்."

ஜீப் போனபிறகு டீச்சர் கேட்டார். "ஜெனீரா, நீங்களோ?"

"அல்லாஹ் அறிய நான் இல்ல டீச்சர்."

"ஓம்" என்றார். நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த வலி எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாடி முழுக்கத் தேயிலைச் சாக்கு விரித்திருந்தது. பாதி வகுப்பு வரவில்லை, யசோதினி வந்தாள். வேகமாகக் காலைத் தூக்கி, மெதுவாக வைக்கப் பழகினார்கள். தப்பித்தவறி ஒரு கால் சத்தம் போட்டால் டீச்சர் 'உஷ்' என்பார், எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டுக் கதவைப் பார்ப்பார்கள். கீழே ஒரு பொட்டுத் தூசி விழவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது, கடையில் உட்காரத்தான் முடியவில்லை.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்ட 2002இல் நகர மண்டபத்தில் டீச்சரின் பிள்ளைகள் ஆடினார்கள். யசோதினி குமரியாகி முன்வரிசையில் நின்றாள். கண்ணும் கையும் அவ்வளவு அழகு. சலங்கை சிணுங்கியது, மிருதங்கம் கேட்டது. அந்த மரமேடையில் ஒரு காலடி கேட்கவில்லை. சனம் கைதட்டியது. டீச்சர் தட்டுக்கழியை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து இருந்தார்.

மண்டபம் காலியானபிறகு மேடைக்கு ஏறினார்.

"யசோதினி, இப்ப மிதி பிள்ளை. சாக்கும் இல்லை, ஒருத்தரும் இல்லை. பலகை உடையட்டும், மிதி."

"சரிங்க டீச்சர்" என்று அவள் அரைமண்டி இருந்தாள். காலை உயரத் தூக்கினாள். வைப்பதற்கு முன்னால் திரும்பி மண்டப வாசலைப் பார்த்தாள்.