தரங்கம்பாடிக்கு வராத மகன்

பென்னலூர்ப் பெண் ஜெர்சி, ஒரகடத்தில் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். அங்கே மேலாளராக இருந்த கொரியர், ஊரிலிருந்து வந்த தன் அம்மாவைச் சில நாள் சுற்றுலாவுக்கு அனுப்பினார். துணைக்கு ஜெர்சி போனாள். பழவேற்காடு ஏரியில் தொடங்கிக் கடற்கரை ஊர்கள் வழியே தரங்கம்பாடி வரை பயணம். மாமல்லபுரத்தில் தானும் வந்து சேர்ந்துகொள்வதாக மகன் சொல்லியிருந்தார்.

வரவில்லை. "புதுச்சேரிக்கு வருவேன் என்று சொல்லிவிடு" என்று ஜெர்சிக்குத்தான் போன் செய்தார். "நீங்களே அம்மாவிடம் பேசுங்களேன்" என்றதும் இணைப்பைத் துண்டித்தார். புதுச்சேரிக்கும் வரவில்லை. வேலை முடிந்ததும் வந்துவிடுவார் என்று ஜெர்சியே அந்த அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தாள்.

தரங்கம்பாடிக் கோட்டையருகே அந்த அம்மா, "உண்மையைச் சொல், அவன் வருவானா?" என்று கேட்டார். ஜெர்சியால் அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை; வரமாட்டார் என்றாள். அந்த அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்து அழுதார்.

டிரைவர் கோதண்டம் ஓடிவந்தார். "இன்னாமா, அந்தம்மா அழுதுகினு கீது?"

"புள்ள வரலண்ணா."

"எதனா ஆறுதலா சொல்லேன். உனக்குதான் அவங்க பாஷ தெரியுமே!"

"பாஷ தெரியும்ணா. இன்னா சொல்றதுன்னுதான் தெரியல."

ஜெர்சி அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, விமான நிலையத்தில் அம்மாவை வழியனுப்பவும் மகன் ஜெர்சியைத்தான் அனுப்பினார்.