பூதத்தின் நெஞ்சில் நாலு புள்ளி

இது நடந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் அருள்புரம் வந்து அந்தக் கதவைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அன்று யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நான், தமிழ்செல்வன், வயது ஐம்பத்து மூன்று, வடக்குச் சுவரோரம் இருந்த கம்ப்யூட்டரில். எனக்கு இடதுபுறம், கைக்கு எட்டும் தூரத்தில், சித்ராதேவி. எங்கள் முதலாளி சசிகுமார் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், திரைத்துணியில் முதுகைச் சாய்த்தபடி. மூன்று பேர். வேறு யாரும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பனியன் கம்பெனி, ஆனால் அன்று நாங்கள் பார்த்தது பனியன் வேலை அல்ல. சசிகுமாரின் அப்பா கிட்டுசாமி, 1979-இல் கையில் இருந்த காசைப் போட்டு ஒரு படம் எடுத்தார். பெயர் 'கிடங்குப் பூதம்'. வெட்டி மிஞ்சிய துணி, கட்டிங் வேஸ்ட், குவிந்து கிடக்கும் கிடங்கிலிருந்து துணியாலேயே ஆன பூதம் ஒன்று எழுந்து வந்து ஆட்களை விழுங்கும். அதுதான் கதை. படம் நாலே நாள் ஓடியது. பெரியவர் இறந்த பிறகு பழைய கிடங்கைக் காலி செய்தபோது ரீல் டப்பாக்கள் கிடைத்தன. இந்த மாதிரி மலிவான பேய்ப் படங்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். ஜெர்மனியில் ஒரு கம்பெனி ப்ளூ-ரே டிஸ்க்காகப் போட முன்வந்தது. ரீலைச் சென்னையில் ஸ்கேன் செய்து வாங்கினோம். ஒவ்வொரு பிரேமாகத் தூசி, கீறல், கறை எடுக்கும் வேலை மட்டும் எங்களுக்கு.

நான் ஊத்துக்குளி பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன். இந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகக் கடிதம் எழுதுகிறவன். பொறுமை இருக்கிறது என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். சித்ராதேவி செக்கிங் செக்ஷன் பெண். சிவகங்கைப் பக்கம். ஓடுகிற துணியில் ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண். பனியனில் குறை இருந்தால் ஒட்டுகிற அதே சிவப்பு ஆரோ ஸ்டிக்கரை ஸ்கிரீனில் ஒட்டிக் காட்டுவாள். கழுத்தில் நூல் வெட்டும் டிரிம்மர் எப்போதும் தொங்கும்.

அறை அந்தப் பழைய கிடங்கின் ஒரு மூலை. படம் எடுத்ததும் அங்கேதான். எட்டடிக்குப் பத்தடி. ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு. வெளிச்சம் வரக்கூடாதென்று கதவுக்கு உள்பக்கம் கறுப்புத் துணித் திரை. பக்கங்களில் ரீப்பர் மரச்சட்டம் வைத்து ஆணி அடித்தது, கீழே தரையோடு ஒரு கட்டை. நடுவில் மட்டும் பிளவு. அதை விலக்கித்தான் போக வேண்டும், வர வேண்டும். திரைக்கான துணியும் கிடங்கிலேயே கிடைத்தது, ரீல் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருந்த மூட்டையில்.

காலை 11.05. கடைசிக் காட்சி. பூதம் கிடங்கின் நடுவில் நின்று துடிக்கிறது. முன்னும் பின்னும் ஆடுகிறது. மண்டியிடுகிறது. மற்ற காட்சிகளில் சிரிப்பு வந்த எங்களுக்கு இதில் வரவில்லை.

"நடிப்புன்னா இதுங்ணா," என்றார் சசிகுமார். "அப்பா இந்த ஷாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல."

சித்ரா ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். பூதத்தின் நெஞ்சில். அங்கே நாலு வெள்ளைப் புள்ளிகள், வரிசையாக.

"டஸ்ட்டு," என்றேன்.

"டஸ்ட்டு இல்லண்ணே. டஸ்ட்டு ஒரு பிரேம்ல இருக்கும், அடுத்ததுல இருக்காது. இது பதிமூணு செகண்டா இருக்கு. நகருது. விரலு மாதிரி இருக்கு."

"பூதத்துக்கு விரல் இருக்காதா கண்ணு?"

"நெஞ்சுலயாண்ணே இருக்கும்?"

சசிகுமார் சிரித்தார். சிரித்தவர் சட்டென்று எழுந்து திரும்பிப் பார்த்தார். "ஏனுங், யாரு முதுகுல குத்துனது?"

அவருக்குப் பின்னால் திரை மட்டும்தான். அதற்குப் பின்னால் சாத்திய இரும்புக் கதவு.

"உங்க முதுகுல குத்தணும்னா நாங்க சம்பள நாளுக்குக் குத்துவோம்," என்றாள் சித்ரா. அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார். போகும்போது, "இந்த வாரம் ஜெர்மனிக்கு மாஸ்டர் காப்பி போகோணும். அந்தப் புள்ளியெல்லாம் எடுத்துருங்ணா," என்றார்.

எடுத்தேன். வினாடிக்கு இருபத்து நாலு பிரேம். பதிமூன்று வினாடிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. 11.25-க்கு ஆரம்பித்தேன். 12.40-க்குச் சித்ரா, "எனக்கு இதைப் பாக்கவே பிடிக்கலண்ணே, சாப்பிட்டு வாரேன்," என்று எழுந்து போனாள். இரும்புக் கதவை வெறுமனே சாத்தினாள். பூட்டவில்லை. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.

அப்புறம் நான் மட்டும்.

ஒவ்வொரு பிரேமிலும் நாலு புள்ளி. அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அங்கே கொஞ்சம் வெளியே வந்திருக்கும். இன்னும் கொஞ்சம். இருநூறாவது பிரேம் தாண்டியபோது எனக்கு மூச்சு வாங்கியது. ஏசியைக் கூட்டினேன். பதினெட்டு என்று காட்டியது. வியர்த்துக்கொண்டிருந்தது.

சரியாக 1.10. கடைசிப் பிரேமைச் சேவ் செய்தேன்.

சங்கு ஊதியது.

மில் காலத்திலிருந்து எங்கள் கம்பெனியில் ஊதிய பழைய சங்கு. நீளமாக, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி. சாப்பாட்டுச் சங்கு என்று எண்ணி எழப் போனேன். அப்புறம்தான் உறைத்தது. அன்று ஞாயிறு. எங்கள் சங்கைப் பதினைந்து வருஷத்துக்கு முன்பே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பில் எழுதியது நான்தான்.

சங்கு நின்றது. கரண்டும் நின்றது.

யூ.பி.எஸ். கத்த வேண்டும். கத்தவில்லை. பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. போன் வெளியே சார்ஜில் இருந்தது.

சுவரைத் தொட்டுக்கொண்டே வாசல் பக்கம் போனேன். நாலு எட்டு வைத்தேன். எண்ணினேன். திரை கையில் பட்டது. நடுவில் பிளவைத் தேடினேன்.

பிளவு இல்லை.

மேலிருந்து கீழாகத் தடவினேன். விரலில் தையல் தட்டியது. மெஷின் தையல் அல்ல. சணல் நூலில், கோணி ஊசியால், பெரிது பெரிதாகக் கைத்தையல். தலைக்கு மேலிருந்து தரை வரைக்கும்.

காலையில் நான் அந்த வழியாகத்தான் வந்தேன். சித்ரா அந்த வழியாகத்தான் போனாள்.

பக்கத்தில் இழுத்தேன். ஆணி அசையவில்லை. பின்னால் நகர்ந்தேன்...

முதுகில் துணி பட்டது.

பின்னால் எட்டடிக்குக் காலி இடம் இருக்க வேண்டும். என் நாற்காலி இருக்க வேண்டும். துணிதான் இருந்தது.

இடதுபுறம் கை நீட்டினேன். துணி. வலதுபுறம். துணி.

மெஷின் ஆயில் வாசம். பழைய வேர்வை வாசம். மூச்சை இழுத்தேன். துணி வாயில் வந்து ஒட்டியது. விட்டேன். விலகியது. இழுத்தேன்... ஒட்டியது.

"சித்ரா!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தலைக்கு மேலும் துணி இறங்கியது. கையை உயர்த்த முடியவில்லை. நெஞ்சுக்கு நேராக மட்டும் கொஞ்சம் அசைக்க முடிந்தது.

இரண்டு தையலுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி. ஒரு விரலை நுழைத்தேன். அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று.

நாலு விரல்.

அதற்கு மேல் போகவில்லை.

விரல்களை ஆட்டினேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. யாராவது பார்க்க வேண்டும். பார்த்து... நடிக்கிறேன் என்று எண்ணாமல் இருக்க வேண்டும்.

அந்த எண்ணம் என்னுடையதல்ல. எனக்கு எதற்கு அப்படித் தோன்ற வேண்டும்?

மூச்சு...

டிக்.

...

டிக். டிக்.

நூல் வெட்டும் சத்தம். ஒரு கோடு வெளிச்சம். சித்ராவின் முகம். டிரிம்மரால் ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டு வந்தாள். நான் வெளியே விழுந்தேன்.

"எவண்ணே இதைத் தைச்சது?" என்றாள்.

"மணி?"

"ஒண்ணு நாப்பது."

நான் ஐந்து நிமிஷம் என்று நினைத்திருந்தேன்.

தண்ணீர் கொடுத்தாள். குடித்த பிறகு கேட்டாள். "ஒரு கைய மேலயும் ஒரு கையக் கீழயும் நீட்டிக்கிட்டு எப்படிண்ணே நின்னீங்க?"

"ஒரு கைதான் நீட்டினேன் சித்ரா. நெஞ்சுக்கு நேரா."

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். "கதவைத் தெறந்ததும் நான் முதல்ல பாத்தது கீழ இருந்த கைய. சுண்டுவிரல் கோணிப் போயிருந்துச்சு. அதைப் பாத்துத்தான் வெட்ட ஆரம்பிச்சேன்."

என் இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்தேன். என் சுண்டுவிரல்கள் நேராக இருக்கின்றன.

பழைய ஆட்களிடம் விசாரித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை சாமளாபுரம் போனேன். படத்தில் பூதத்துக்கு உடுப்புத் தைத்தவர் ராஜபாண்டி. அப்போது பத்தொன்பது வயது டெய்லர், இப்போது அறுபத்து நாலு. அவர் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிகள் இருக்கும் பிரேமைக் காட்டினேன். போய்த் தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"எங்க ஊர்க்காரன். வீரணன். நல்ல உயரம், அதுக்காகத்தான் அவனைப் போட்டாங்க. ஜிப்பு வெச்சா கேமராவுல தெரியும்னு ஆளை உள்ள விட்டு நாந்தான் தைப்பேன். தைக்க அரை மணி, பிரிக்க அரை மணி."

"அன்னைக்கு?"

"துடிச்சான். எல்லாரும் கை தட்டினோம். நானுந்தான். ஷாட்டு ஓகே ஆச்சு, ஒண்ணு பத்துக்குச் சங்கு ஊதுச்சு. சங்கு ஊதினா மில்லுல ஒருத்தன் நிக்கக் கூடாது, கெடங்கைப் பூட்டிருவாங்க. பிரிச்சுத் திரும்பத் தைக்கணுமேன்னு அவனை அப்படியே படுக்கச் சொல்லிட்டுச் சாப்பிடப் போனோம்." நிறுத்தினார். "ஒண்ணு நாப்பதுக்கு வந்து பிரிச்சேன்."

"சுண்டுவிரல்..."

"தறியில மாட்டிக் கோணிப் போனது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார். உடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தையலப் பிரிச்சா வெறும் கறுப்புத் துணிதானே. மூட்டையாக் கட்டி ரீல் டப்பா பக்கத்துல போட்டோம்."

புதன்கிழமை ஆபீஸில் 1979 கடிதக் கட்டைப் பிரித்தேன். கார்பன் நகல் இருந்தது. என் நாற்காலியில் எனக்கு முன்னால் இருந்த கிளார்க் எழுதியது. "தங்கள் கணவர் வீரணன் முன்பணம் பெற்றுக்கொண்டு சொல்லாமல் சென்றுவிட்டார். பம்பாய் போனதாகக் கேள்வி." விலாசத்தில் அவர் மனைவி பெயர், வெள்ளையம்மாள். ராஜபாண்டிக்குப் போன் போட்டேன். அந்த அம்மா உயிரோடுதான் இருக்கிறாராம். நாற்பத்தைந்து வருஷமாகத் தாலியைக் கழற்றவில்லையாம்.

சசிகுமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா பேரு இருக்குதுங்ணா அந்தப் படத்துல."

"வீரணன் பேரு எதுலயும் இல்லீங்க."

"அந்தப் புள்ளியோட படத்தை அனுப்பினா நீங்க இங்க இருக்க முடியாதுங்ணா."

"சரீங்க."

முந்நூற்றுப் பன்னிரண்டு பிரேமையும் பழையபடி வைத்தேன். நாலு புள்ளியும் அதனதன் இடத்தில். மாஸ்டர் அப்படியே போனது. அந்தத் திரை இன்னும் கதவில் தொங்குகிறது. கழற்ற யாரும் முன்வரவில்லை.

பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதினேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதை நாலு முறை கிழித்து எழுதினேன். "அம்மா, உங்கள் கணவர் ஓடிப் போகவில்லை" என்று தொடங்கினேன். நெஞ்சில் விரல் தெரியும் அந்தப் பிரேமைப் போட்டோவாக எடுத்து உள்ளே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தபால் ஆபீஸ் போனேன். உறையை மட்டும் ஒட்ட மனம் வரவில்லை. அப்படியே நீட்டினேன்.

"ஒட்டிக் குடுங்க சார். தெறந்திருந்தா ரிஜிஸ்டர் எடுக்க மாட்டோம்," என்றாள் கவுண்டர் பெண்.

பசை தடவினேன். மடிப்பை மூடி, ஆள்காட்டி விரலால் ஓரத்தை அழுத்திக்கொண்டே போனேன். பாதி தூரத்தில் விரல் நின்றது.

உள்ளேயிருந்து ஏதோ அழுத்தியது. மெதுவாக. நாலு இடத்தில்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 1.10.

"போய்ச் சேந்துருவீங்க," என்று உறையிடம் சொன்னேன். கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

முழுவதும் ஒட்டிக் கொடுத்தேன். முத்திரை விழுந்தது. கடிதம் பைக்குள் போனது.