கரி இல்லாத ஹூக்கா

ஹைதம் தன் மாமா ஹாஜி பயூமிக்கு நாற்பதாயிரம் பவுண்டு கடன்பட்டிருந்தான். வாங்கி இரண்டு வருடம். வாங்கும்போது செல்போன் கடை என்றான். திறந்தது பேட்டரி ஹூக்கா கடை. அதுவும் ஷுப்ராப் பேட்டையில், பயூமியின் காபிக்கடைக்கு நேர் எதிரே.

வெட்கங்கெட்ட பயல், இந்த ஹைதம். பயூமி பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக ஒரு வருடம் உட்கார்ந்ததில்லை. மீசை முளைக்கும் முன்பே கங்கு ஊதப் போனவர். ஆளிடம் குழாயை நீட்டுமுன் வேலைக்காரன் நாலு இழுப்பு இழுத்து ஹூக்காவைக் கிளப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஷுப்ராவில் பாதிப் பேருக்கு இழுத்துக் கொடுத்த நெஞ்சு அது. அந்த நெஞ்சுதான் கடை வாங்கியது, மூன்று மாடி கட்டியது, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தது. எதிரே இருக்கிறவனோ விளக்கெரியும் பேனா மாதிரி ஒரு பேட்டரிக் குழாயை விற்றுவிட்டுத் தன்னை முதலாளி என்கிறான்.

போன குளிர்காலத்தில், கதவெல்லாம் சாத்தியிருந்தபோது, பயூமி கங்கடுப்புப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். கரி கக்கும் விஷவாயு ரத்தத்தில் ஏறிவிட்டது என்றாள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"நம்ம புகை தண்ணிக்குள்ள குளிச்சுட்டுல்ல வருது டாக்டரம்மா?"

"தண்ணி சூட்டைத்தான் தணிக்கும். விஷத்தைக் கழுவாது."

"அப்ப எதிர்க்கடைப் பய விக்கிறானே, அது?"

"அதுல கரி இல்ல, அதனால இந்த வாயு இல்ல. ஆனா நிக்கோட்டின் இருக்கு. சூடாக்கின ரசாயனம் நேரா நுரையீரலுக்குப் போகுது. ரெண்டையும் விடுங்க ஹாஜியார்."

பயூமி கடைக்குத் திரும்பிச் சுவரை இடித்து இரண்டு ஜன்னல் வைத்தார். ஹூக்காவை விடவில்லை, கடனையும் விடவில்லை.

மாமா விழுந்ததைப் பார்த்த ஹைதம் சும்மா இருக்கவில்லை. கடை வாசலில் பலகை மாட்டினான்: "கரி இல்லை, புகை இல்லை, கெடுதல் இல்லை. வெறும் ஆவி." ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து காபிக்கடை நிரம்பியிருந்த நேரம், அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான்.

"மாமா, பணத்துக்குப் பதிலா சரக்கு கொண்டாந்திருக்கேன். இங்கயே வச்சு வித்துக்குங்க. மூச்சு வாங்குற வயசுல கரியோட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?"

"பணம் வாங்கினவன் பணம் குடுக்கணும்டா. விசிலு குடுக்குற?"

கடையே சிரித்தது. ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற லுத்ஃபி, குழாயை வாயிலிருந்து எடுத்தார். "வாங்கி வையுங்க ஹாஜியார், பேரப் புள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆகும்."

ஹைதமுக்கு முகம் சிவந்தது. "சிரிங்க. டீக் கிளாஸ்ல இருந்து வருதே ஆவி, இதுவும் அதேதான். கைப்பிள்ளைகூட இழுக்கலாம்."

பயூமி எழுந்தார்.

"நல்லதாப் போச்சு. உன் மக ஜனாவுக்குப் பதிமூணு வயசாச்சுல்ல? கூப்புடு. எல்லார் முன்னாடியும் இதுல நாலு இழுப்பு இழுக்கட்டும். அல்லா மேல ஆணை, நாப்பதாயிரமும் தள்ளுபடி."

யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க உங்க பேத்திக்கு உங்க ஹூக்காவைக் குடுப்பீங்களா மாமா?"

"தொட்டா முதுகுத்தோலை உரிச்சுருவேன்! நான் விக்கிறது புகை. புகைன்னு சொல்லித்தான் விக்கிறேன். கெடுதல் இல்லன்னு எந்தச் செவுத்துலடா எழுதி வச்சிருக்கேன்?"

தன் பெயர் காதில் விழுந்து, எதிர்மாடியிலிருந்து ஜனா எட்டிப் பார்த்தாள். "என்னப்பா? கூப்புட்டீங்களா?"

ஹைதம் பெட்டியைப் பார்த்தான். மேலே பார்த்தான். நாலே இழுப்பு, இரண்டு வருடக் கடன் போய்விடும்.

"ஒண்ணுமில்ல. உள்ள போ."

"ஆவிதானேப்பா, சளிக்கு நல்லது," என்றார் லுத்ஃபி.

ஹைதம் தெருவைக் கடந்து தன் கடைக்குப் போனான். புதுச் சரக்கு எடுக்க ஒதுக்கி வைத்திருந்த நோட்டுக் கட்டோடு திரும்பி வந்து, அதை அப்படியே நீட்டினான். பயூமி வாங்கவில்லை.

"கட்டா குடுத்தா எனக்குப் புரியாது. நான் படிக்காதவன். எண்ணிக் குடு."

சொல்லிவிட்டுக் கங்கில் காய்ந்த உள்ளங்கையை விரித்தார். கடை பார்த்துக்கொண்டிருக்க, ஹைதம் தலை நிமிராமல் இருநூறு பவுண்டு மதிப்புள்ள நோட்டுகளை ஒவ்வொன்றாக அதில் எண்ணி வைத்தான்.